10 பவுண்ஸ் கட்டினால் எவ்வளவு வரும்? ஒட்ஸ் (பந்தய விலை) கணக்கு

கேள்வி, 31 மார்ச் 2025

சனிக்கிழமை கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம். வேலையிடத்தில் ஆளுக்கொரு குதிரை பிடித்துவிட்டார்கள். நானும் 25/1 விலையில் ஒன்றுக்கு 5 பவுண்ஸ் ஈச் வே போட்டேன். கணக்கில் இருந்து 10 போய்விட்டது. வென்றால் 160 வரும் என்று செயலி காட்டுது. 5ஐ 25ஆல் பெருக்கினால் 125தானே? கூட வேலை செய்கிற வெள்ளை 166.25 வரும் என்று அடித்துச் சொல்லுறார். யார் சரி?

31 மார்ச் 2025, இரவு

செயலியும் சரி, வெள்ளையும் சரி. நீங்கள்தான் பாதிக் கணக்கில் நிற்கிறீர்கள்.

ஈச் வே என்றால் இரண்டு பந்தயம். 5 பவுண்ஸ் குதிரை வெல்லும் என்று, இன்னொரு 5 முன்னுக்கு வரும் இடங்களுக்குள் வரும் என்று. 10 போனது அதனால்.

வெற்றிப் பக்கம்: 25 × 5 = 125. கட்டின 5 திரும்ப வரும். 130.

இடப் பக்கம்: 16 குதிரையோ கூடவோ ஓடுகிற ஹண்டிகேப்பில் (நல்ல குதிரைக்குக் கூடப் பாரம் ஏற்றுகிற ஓட்டம்) வழமை நாலு இடம், விலையில் கால்வாசி. 25இல் கால்வாசி 6.25. அதை 5ஆல் பெருக்க 31.25, கட்டின 5ஐச் சேர்க்க 36.25. மொத்தம் 166.25. வெள்ளை சொன்னது இது.

உங்கள் செயலி ஆறு இடம் தருகிறது என்று நினைக்கிறேன். இடத்தைக் கூட்டினால் பங்கைக் குறைப்பார்கள்: கால்வாசி போய் ஐந்தில் ஒன்று. 25/5 = 5. 5 × 5 = 25, கட்டின 5ஐச் சேர்க்க 30. 130ஐயும் கூட்டினால் 160. பந்தயத் துண்டில் 1/5 என்று சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

1 ஏப்ரல் 2025

தனி மடலில் இரண்டு பேர் "முதலில் 25/1 என்றால் என்ன என்று சொல்லு" என்று கேட்டிருக்கிறார்கள். சரி.

பிரிட்டனில் விலையைப் பின்னமாகச் சொல்வது பழைய வழக்கம். 11/4 என்றால் 4 கட்டினால் 11 லாபம். கட்டின காசு அதற்குள் இல்லை, தனியாகத் திரும்பும். 10 பவுண்ஸுக்கு: 10 × 11 ÷ 4 = 27.50 லாபம், கையில் வருவது 37.50.

தசம விலை என்றால் கட்டின காசும் உள்ளே. அதே 11/4 தசமத்தில் 3.75. பின்னத்தைப் பிரித்து ஒன்றைக் கூட்டினால் தசமம். அமெரிக்கர்கள் இதையே +275 என்பார்கள், 100 கட்டினால் 275 லாபம் என்ற பொருளில். கழித்தல் குறி போட்டு −110 என்றால் 100 லாபம் எடுக்க 110 கட்ட வேண்டும், தசமத்தில் 1.91.

மேல் எண் சின்னதாக இருந்தால், உதாரணத்துக்கு 4/6, கட்டினதை விட லாபம் குறைவு. 10க்கு 6.67 லாபம், கைக்கு 16.67. கவுன்டரில் நின்ற காலத்தில் கிழவர்கள் இதை "சிக்ஸ் டு ஃபோர் ஒன்" (six to four on) என்று தலைகீழாகச் சொல்லுவார்கள். புதிதாக வந்த பெடியன் 6/4 என்று எழுதிவிட்டால் அன்றைக்கு மனேஜருக்கு இரத்தக்கொதிப்பு.

10/3 என்று ஒரு விலை கடைப் பலகையில் பார்ப்பது அரிது. 100/30 என்றுதான் வழமையாகப் போடுவார்கள். ஏன் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: எப்பவும் அப்படித்தான்.

1 ஏப்ரல் 2025, பின்னேரம்

எந்தக் கவுன்டர் என்று கேட்டவருக்கு: ஓம், நான் பெட்டிங் கடையில் வேலை செய்திருக்கிறேன். மாணவ விசா, கிழக்கு லண்டன், கிழமைக்குச் சட்டம் விட்ட மணித்தியாலம். பெற்றோல் ஸ்டேஷனில் இடம் கிடைக்காத ஆக்கள் போய்ச் சேருகிற இடம் அது. கணக்கை மெஷின் பார்க்கும். ஆனால் மெஷின் நின்றால் என்ன செய்வாய் என்று மனேஜர் பென்சிலும் கடதாசியும் தந்து பழக்கினார். மெஷின் நிற்கிற நாள் எப்பவும் சனிக்கிழமைதான்.

3 ஏப்ரல் 2025

ஈச் வே பற்றி இன்னொன்று. விலை குறைந்த குதிரைக்கு ஈச் வே கட்டி, அது இரண்டாவதாக வந்து, "வென்றிட்டேன்" என்று துண்டோடு வந்து நிற்கிற ஆக்களை அடிக்கடி கண்டிருக்கிறேன்.

3/1 குதிரை, 5 ஈச் வே, 1/5 பங்கு. குதிரை இரண்டாவது. வெற்றிக்குப் போட்ட 5 போச்சு. இடப் பக்கம் 3/5, அதாவது 0.6. 5 × 0.6 = 3, கட்டின 5, ஆக 8. கட்டினது 10. இரண்டு பவுண்ஸ் நட்டத்தோடு சிரித்துக்கொண்டு போவார்கள்.

மனக்கணக்கு: 1/5 பங்கு என்றால் விலை குறைந்தது 5/1 இருக்க வேணும், 1/4 என்றால் 4/1. அப்பதான் இடத்துக்கு வந்தாலாவது போட்ட காசு முழுக்கத் திரும்பும். அதற்குக் கீழே என்றால் வெற்றிக்கு மட்டும் கட்டுங்கள், இல்லை விடுங்கள்.

6 ஏப்ரல் 2025

நேற்றைய முடிவு தெரிந்திருக்கும். நிக் ராக்கெட், 33/1. ஓட்டினவர் பற்றிக் முல்லின்ஸ், சம்பளத்துக்கு ஓட்டாத அமெச்சூர். பயிற்சியாளர் அவருடைய தகப்பன் வில்லி முல்லின்ஸ். இரண்டாவதும் மூன்றாவதும் அதே லாயத்துக் குதிரைகள். மனுஷன் அழுததை ரீவியில் பார்த்தேன், எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது.

5 ஈச் வே, நாலு இடம், கால்வாசி: வெற்றி 33 × 5 + 5 = 170. இடம் 8.25 × 5 + 5 = 46.25. மொத்தம் 216.25. ஐந்தில் ஒன்று என்றால் இடப் பக்கம் 38தான், மொத்தம் 208.

கேள்வி கேட்டவரின் குதிரை எங்கே போனது என்று எழுதவே இல்லை. 34 ஓடினது, அதில் ஒன்று.

கடைக்காரப் பாஷையில் 33/1க்கு "டபுள் கார்ப்பெட்" என்று பெயர். 3/1 ஒரு கார்ப்பெட். 25 பவுண்ஸ் ஒரு போனி, 500 ஒரு மங்கி. வந்த புதிதில் "போனி" என்று ஒருவர் கேட்க, நான் ஓட்டக்காரர் பட்டியலில் தேடினேன்.

6 ஏப்ரல் 2025, இரவு

காலையில் 40/1 பிடித்தவருக்கு 33/1தான் கிடைக்குமா என்று ஒரு கேள்வி. இல்லை. துண்டு எழுதும்போது விலையைக் குறித்துக்கொண்டால் அந்த விலைதான், பிறகு இறங்கினாலும் ஏறினாலும். விலை குறிக்காமல் எஸ்.பி. என்று விட்டால், ஓட்டம் தொடங்கும்போது என்ன விலையோ அது. பிரிட்டன், அயர்லாந்து ஓட்டங்களுக்குக் கனக்க இடங்களில் இரண்டில் எது கூடவோ அதைத் தருவார்கள். ஆனால் எல்லாருக்கும் இல்லை. அடிக்கடி வெல்லுகிற ஆளின் கணக்கில் அந்தச் சலுகை சத்தமில்லாமல் மறைந்துபோகும்.

9 ஏப்ரல் 2025

குதிரை போதும், காற்பந்துக்கு வாருங்கள் என்கிறார் ஹரோவில் இருக்கிற தம்பி. அவர் போடுவது அக்குமுலேட்டர்: பல ஆட்டத்தை ஒரே துண்டில் கோர்ப்பது, எல்லாம் வென்றால்தான் காசு. நாலு அணி, 5 பவுண்ஸ். விலைகள் 1.50, 1.80, 2.10, 1.65.

தசமத்தில் இது வெறும் பெருக்கல். 1.50 × 1.80 = 2.70. அதை 2.10ஆல் 5.67. அதை 1.65ஆல் 9.3555. 5 பவுண்ஸுக்கு 46.78. நடுவில் புள்ளிகளை வெட்டாதீர்கள், கடைசியில் மட்டும் வெட்டுங்கள்.

ஒரு ஆட்டம் தள்ளிப்போனால் அதன் விலை 1 ஆகிவிடும், மற்ற மூன்றும் அப்படியே ஓடும். 2.10 ஆட்டம் மழையில் போனது என்றால் 9.3555 ÷ 2.10 = 4.455, ஐந்து பவுண்ஸுக்கு 22.28. துண்டு செத்துவிட்டது என்று கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த நாள் குப்பைத்தொட்டியைக் கிளறின ஒருவரை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் துண்டிலேயே எழுதித்தான் இருக்கும். துண்டில் எழுதாதது ஒன்று இருக்கு. நான் இந்த இழையில் எழுத வந்ததே அதற்காகத்தான்.

ஒரு ஆட்டத்துக்கு விலை இப்படி என்று வைத்துக்கொள்வோம்: உள்ளூர் அணி 2.10, சமநிலை 3.40, வெளியூர் அணி 3.50. 100ஐ ஒவ்வொன்றாலும் பிரியுங்கள். 47.6, 29.4, 28.6. கூட்டினால் 105.6. மூன்றில் ஒன்றுதான் நடக்கும், ஆகவே உண்மையான வாய்ப்புகளைக் கூட்டினால் 100தான் வரவேணும். மேலே நிற்கிற 5.6 கடைக்காரன் பங்கு. மூன்று பக்கமும் இந்த அளவுப்படி 105.60 கட்டிப் பாருங்கள், யார் வென்றாலும் கைக்கு 100. பவுண்டுக்கு 94.7 பென்ஸ்.

தனி ஆட்டத்தில் அவன் எடுப்பது பவுண்டுக்கு ஐந்து பென்ஸ் சொச்சம். அக்குமுலேட்டரில் விலையைப் பெருக்கும்போது இந்த வெட்டும் சேர்ந்து பெருகும். 0.947ஐ ஐந்து தரம் பெருக்கினால் 0.76. பத்துத் தரம் என்றால் 0.58. பத்து அணி போட்ட துண்டில் எழுதியிருக்கிற பெரிய தொகை, உண்மையான வாய்ப்புப்படி வரவேண்டியதில் 58 சதவீதம்தான். கடை வாசலில் ஏன் எப்பவும் அக்குமுலேட்டர் போஸ்டர் என்று இப்ப விளங்கும்.

10 ஏப்ரல் 2025

"நான் 1.20க்குக் கீழேதான் எடுப்பேன், அது நிச்சயம் வெல்லும்" என்று ஒருவர். 1.20இல் நாலு: 2.07. காசு இரட்டிப்பு, அழகு. 1.20 என்ற விலை சொல்லுகிற வாய்ப்பு 83 சதவீதம், கடைக்காரன் பங்கைக் கழித்து 80 என்று வையுங்கள். 0.8ஐ நாலு தரம் பெருக்க 0.41. பத்துத் துண்டில் ஆறு தோற்கும். நிச்சயம் என்பது இதுதான்.

11 ஏப்ரல் 2025

நேற்று முன்தினம் எழுதினதை இன்னொரு பக்கத்தால் யோசித்தேன். 5.6ஐ மூன்று விலையிலும் ஒரே அளவாகப் பூசியிருக்கிறான் என்று எடுத்துத்தான் 0.947 போட்டேன். உண்மையில் அப்படிப் பூசுவது குறைவு. விலை உயர்ந்த பக்கம், நடக்க வாய்ப்பே குறைந்த பக்கம், அதில்தான் கூடப் பூசுவார்கள். பேவரிட்டில் வெட்டு குறைவு. ஆகவே பேவரிட்டாகக் கோர்க்கிற ஆளுக்கு வெட்டு நான் சொன்னதை விடக் குறையும், 8/1, 10/1 என்று கோர்க்கிறவருக்குக் கூடும். 1.20காரர் சந்தோசப்படலாம். கொஞ்சம்தான்.

இன்னொன்று, ஒரே ஆட்டத்துக்கு நாலு கடையில் நாலு விலை இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ளதில் நல்ல விலையை எடுத்துக் கூட்டிப் பார்த்தால் 105.6 இறங்கும், பெரிய ஆட்டங்களில் 100க்குக் கிட்டவே வந்துவிடும். ஒரே கடையில் கட்டுகிறவர் முழு வெட்டையும் தாங்குகிறார்.

13 ஏப்ரல் 2025

"அக்குமுலேட்டர் ஒருவருக்கும் வரவே வராதா?" வரும். 1996 செப்டெம்பர் 28, அஸ்கட் குதிரைப் பந்தய மைதானம். குதிரையோட்டி பிராங்கி டெட்டோரி அன்றைய ஏழு ஓட்டத்திலும் வென்றார். எஸ்.பி. விலைகள் வரிசையாக: வோல் ஸ்ட்ரீட் 2/1, டிஃபிடன்ட் 12/1, மார்க் ஒஃப் எஸ்டீம் 100/30, டெக்கரேட்டட் ஹீரோ 7/1, ஃபேட்ஃபுலி 7/4, லொக்கேஞ்சல் 5/4, புஜியாமா கிரெஸ்ட் 2/1.

எல்லாவற்றிலும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 13 × 4.333 × 8 × 2.75 × 2.25 × 3. எனக்கு 25,096.5 வருது. ஒன்றைக் கழித்தால் 25,095/1, பேப்பரில் வந்த அதே கணக்கு.

கவனிக்கவேண்டியது கடைசிக் குதிரை. காலையில் புஜியாமா கிரெஸ்ட் 12/1. ஆறு வென்றதும் நாடு முழுக்க டெட்டோரி பெயரில் கோர்த்த துண்டுகள் உயிரோடு நின்றன. பெரிய கடைகள் மைதானத்துக்குக் காசை அனுப்பி அதே குதிரையில் கொட்ட, விலை 2/1க்கு விழுந்தது. எஸ்.பி. துண்டுக்காரர்களுக்குப் பெருக்கம் 13க்குப் பதில் 3. பழைய விலை நின்றிருந்தால் பெருக்கம் ஒரு லட்சத்து எட்டாயிரத்தைத் தாண்டியிருக்கும். அவ்வளவு செய்தும் கடைகளுக்கு அன்று கோடிக்கணக்கில் அடி.

விலை குறித்து வைத்தவருக்கும் குறிக்காமல் விட்டவருக்கும் இடையில் அவ்வளவு தூரம்.

15 ஏப்ரல் 2025

லக்கி 15 கேட்டவருக்கு. நாலு தெரிவு, பதினைந்து பந்தயம்: தனி 4, இரட்டை 6, மும்மடி 4, நாலும் சேர்ந்தது 1. ஒரு பவுண் லக்கி 15 என்றால் 15 பவுண்ஸ் போகும். யாங்கி என்றால் தனி நாலையும் விட்டுவிட்டுப் பதினொன்று.

இதைப் பதினைந்து வரியாக எழுதிக் கூட்டத் தேவையில்லை. மனேஜர் சொல்லித்தந்த வழி: வென்ற ஒவ்வொன்றின் தசம விலையிலும் ஒன்றைக் கூட்டு, எல்லாவற்றையும் பெருக்கு, கடைசியில் ஒன்றைக் கழி. அவ்வளவுதான்.

நாலில் இரண்டு வென்றது, 3.00ம் 5.00ம். 4 × 6 = 24, ஒன்றைக் கழிக்க 23. சரிபார்க்க: தனி 3 + 5 = 8, இரட்டை 3 × 5 = 15, மொத்தம் 23. யாங்கி என்றால் தனிகளை எடுத்துவிடு: 15. மூன்றாவதாக 2.00 ஒன்றும் வென்றால் 4 × 6 × 3 − 1 = 71.

எந்த விலைக்கும் வேலை செய்யும். ஏன் என்று பள்ளிக்கூட அட்சரகணிதம் படித்த ஆக்கள் அடைப்புக்குறியை விரித்துப் பாருங்கள். முதல் தரம் விளங்கினபோது கவுன்டரில் தனியாகச் சிரித்தேன், வாடிக்கையாளர் ஒருவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

லக்கி 15இல் ஒன்றே ஒன்று வென்றால் சில இடங்களில் அதற்கு இரட்டை விலை, நாலும் வென்றால் மேலதிகமாகப் பத்து சதவீதம். கடைக்குக் கடை மாறும், பலகையைப் பாருங்கள்.

15 ஏப்ரல் 2025

ஆறு தெரிவுக்கு 57 பந்தயம். பெயர் ஹெய்ன்ஸ். தக்காளி சோஸ் போத்தலில் 57 என்று இருக்குமே, அதே ஹெய்ன்ஸ். எட்டுத் தெரிவுக்கு 247, பெயர் கோலியாத். அதற்கு மேலே பெயர் ஒன்றும் நான் கேட்டதில்லை, காசு முடிந்துவிடும்.

20 ஏப்ரல் 2025

கிள்ளானில் இருந்து எழுதின அண்ணா: "எங்களிடம் −0.80, 0.90 என்றுதான் வரும், உங்கள் பின்னம் விளங்கவில்லை."

அது மலாய் ஒட்ஸ். கூட்டல் என்றால் சுலபம்: 0.90, ஒரு வெள்ளி கட்டினால் 90 காசு லாபம், தசமத்தில் 1.90. கழித்தல் என்றால் திருப்பிப் பாருங்கள்: −0.80, ஒரு வெள்ளி லாபத்துக்கு 80 காசு பணயம். 1 ÷ 0.80 = 1.25, ஒன்றைக் கூட்ட 2.25. கழித்தல் குறி பார்த்துப் பயப்பட வேண்டாம், அதுதான் கூடத் தருகிற பக்கம்.

அதோடு ஆசிய ஹண்டிகேப், ஒரு அணிக்குக் கற்பனையாகக் கோல் கூட்டியோ கழித்தோ முடிவு பார்ப்பது. +0.25 என்றால் உங்கள் காசு இரண்டாகப் பிரியும்: பாதி 0க்கு, பாதி +0.5க்கு. 10 கட்டி விலை 1.95, ஆட்டம் சமநிலை: ஒரு 5 அப்படியே திரும்பும், மற்ற 5 வெல்லும், 9.75. மொத்தம் 14.75. −0.25 பக்கம் கட்டியிருந்தால் அதே சமநிலையில் 5 மட்டும் திரும்பும்.

22 ஏப்ரல் 2025

வரி. இங்கே வென்ற காசுக்கு வரி இல்லை, முழுதும் உங்களுக்கு. எப்பவும் அப்படி இருக்கவில்லை. 2001 ஒக்டோபர் வரைக்கும் கடையில் 9 சதவீதம் பிடித்தார்கள். நான் வேலைக்கு வந்தது அதற்குப் பிறகு, ஆனால் கிழவர்கள் அந்தக் கதையை விடவில்லை. கட்டும்போதே வரி கட்டலாம், இல்லை வென்றால் பிடித்துக்கொள் என்று விடலாம். 10 பவுண்ஸ் 4/1: முன்னுக்குக் கட்டினால் 90 பென்ஸ் கூடப் போகும், வென்றால் 50 முழுதாக. பிறகு என்றால் 50இல் 4.50 போய் 45.50. வெல்லுவேன் என்று நம்புகிறவன் முன்னுக்குக் கட்டுவான். "முன்னுக்குக் கட்டின நாளெல்லாம் தோற்றேன்" என்று ஒரு கிழவர் சொல்லுவார்.

சென்னையில் இருந்து கேட்டவருக்கு: அங்கே கணக்கே வேறு. 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு என்று சொன்னதால்தான் கிண்டி மைதானத்தில் பந்தயம் தொடர்ந்து ஓடியது. ஆனால் 2023 அக்டோபர் 1 அன்று, கட்டுகிற முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள். 100 ரூபாய்க்கு 28. வென்றால் அதில் 30 சதவீதம் வருமான வரி, தோற்ற காசை அதில் கழிக்க விடமாட்டார்கள். இங்கே நான் எழுதின 94.7 பென்ஸ் கணக்கை அங்கே போட்டால் அழுகைதான் வரும்.

டோட்டில் கட்டினால் விலையே முன்கூட்டித் தெரியாது. எல்லாருடைய காசும் ஒரு குவியல். அதில் கழிவை எடுத்துவிட்டு மிச்சத்தை வென்ற துண்டுகளுக்குப் பங்கிடுவார்கள். குவியல் ஒரு லட்சம், கழிவு 20 சதவீதம் என்று வைத்தால் மிச்சம் 80,000. வென்ற குதிரையில் 16,000 விழுந்திருந்தால் ரூபாய்க்கு ஐந்து. கடைசி நிமிடத்தில் பெரிய ஆள் ஒருவர் அதே குதிரையில் கொட்டினால் உங்கள் ஐந்து மூன்றாகிவிடும்.

22 ஏப்ரல் 2025

ஐபிஎல் செயலிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. அனுமதியில்லாத இடத்தில் கட்டிவிட்டு, காசு தராவிட்டால் எங்கே போய்க் கேட்பீர்கள்? ஒட்ஸ் கணக்கு பிறகு, முதலில் காசு வருமா என்ற கணக்கு.

27 ஏப்ரல் 2025

லிவர்பூல் சம்பியன், ஸ்பர்ஸுக்கு ஐந்து அடித்து. வீட்டில் ஒரு பக்கம் கொண்டாட்டம், ஒரு பக்கம் பட்டினி. அதற்குள் ஒருவர், யாரும் எதிர்பாராமல் முன்பு சம்பியனான லெஸ்டர் அணியை இழுத்திருக்கிறார்.

2015 ஓகஸ்டில் லெஸ்டர் சம்பியனாகும் என்பதற்கு 5000/1. 10 பவுண்ஸுக்கு 50,000, கட்டினதோடு 50,010. அந்த விலை சொல்லுகிற வாய்ப்பு 0.02 சதவீதம். 2016 மே 2 அன்று அது நடந்தது. ஆனால் கனபேர் அதுவரை பொறுக்கவில்லை, கடை நீட்டின காசை வாங்கிக்கொண்டு இடையில் இறங்கிவிட்டார்கள்.

அந்த இடைக்காசு நியாயமா என்று பார்க்கவும் கணக்கு உண்டு. துண்டு முழுதாக வென்றால் 100 பவுண்ஸ், மிச்சம் ஒரு ஆட்டம், அதன் இப்போதைய விலை 1.60 என்றால் துண்டின் பெறுமதி 100 ÷ 1.60 = 62.50. கடை 57 நீட்டும். அந்த 5.50 இரண்டாவது வெட்டு. முதல் வெட்டு கட்டும்போதே போய்விட்டது.

கிரிக்கெட்டில் இதற்குச் சமம் 1981 ஹெடிங்லி டெஸ்ட். இங்கிலாந்துக்கு 500/1. அவுஸ்திரேலிய உடைமாற்றும் அறையில் இருந்து லில்லி 10 பவுண்ஸ், மார்ஷ் 5 பவுண்ஸ் எதிரணிக்குக் கட்டினார்கள். போத்தம் அடித்தார், வில்லிஸ் எட்டு எடுத்தார், அவுஸ்திரேலியா 18 ஓட்டத்தில் தோற்றது. 15 × 500 = 7,500 பவுண்ஸ். சொந்த அணி தோற்றதுக்கு. இன்றைக்கு அப்படிச் செய்தால் விளையாட்டு வாழ்க்கையே முடிந்துவிடும், அன்று சிரித்துவிட்டு விட்டார்கள்.

4 மே 2025

கடையோடு சண்டை பிடித்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார் ஒருவர். 10 பவுண்ஸ், 6/1, குதிரை வென்றது, 70க்குப் பதில் 52 தந்தார்கள். ஏமாற்றா?

இல்லை. நீங்கள் கட்டின பிறகு ஒரு குதிரை விலகியிருக்கும். ரூல் 4. பலமான குதிரை போனால் மிச்சத்துக்கு வெல்லுவது சுலபமாகிவிடுகிறது, ஆகவே பழைய விலையில் முழுக்கத் தரமாட்டார்கள். போன குதிரையின் விலையைப் பொறுத்து லாபத்தில் வெட்டு: ஈவன்ஸ் (1/1) என்றால் பவுண்டுக்கு 45 பென்ஸ், 2/1 என்றால் 30, 3/1 என்றால் 25, 4/1 என்றால் 20, 10/1 என்றால் 5. 14/1க்கு மேலே போனால் ஒன்றும் இல்லை.

லாபத்தில் மட்டும், கட்டின காசில் கைவைக்க மாட்டார்கள். உங்கள் லாபம் 60. 30 பென்ஸ் வெட்டினால் 42. கட்டின 10ஐச் சேர்க்க 52. போனது 2/1 குதிரை, சரியா? கடைப் பெட்டையிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். அந்தக் கவுன்டரில் நின்ற ஆள் நான், அவள் உங்களைப் போல் பத்துப் பேரைப் பார்த்திருப்பாள்.

5 மே 2025

இலவச பெட் 10 பவுண்ஸ், விலை 3.00, ஏன் 20 மட்டும்? இலவச காசு திரும்ப வராது, லாபம் மட்டும்தான். ஆகவே அதை 1.20இல் போட்டால் 2 பவுண்ஸ் வரும். 1.20காரர், கவனம்.

6 மே 2025

ஒருவர் எழுதினதை நீக்கிவிட்டார், ஆனால் நான் வாசித்தேன். இழந்ததை எடுக்க எவ்வளவு கட்டவேணும் என்று கேட்டிருந்தார். கணக்கு இருக்கு, தரமாட்டேன். காம்ஸ்டொப் (GAMSTOP) என்று தேடுங்கள், ஒரு தரம் பதிந்தால் இந்த நாட்டில் உரிமம் உள்ள எந்தத் தளமும் உங்களை உள்ளே விடாது. தனி மடலில் கதைக்க விருப்பம் என்றால் கதைப்பம், எந்த நேரமும்.

18 மே 2025

கிரிஸ்டல் பலஸ் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கினதுக்கு வாழ்த்து. தெற்கு லண்டன் ஆக்கள் இன்னும் நித்திரை கொள்ளவில்லை போல. ஆட்டம் 90 நிமிடத்தில் 1–0 என்று முடிந்ததால் பிரச்சினை இல்லை. ஆனால் கவனியுங்கள்: "ஆட்டத்தில் வெல்லும்" என்பது 90 நிமிடமும் காயத்துக்குக் கூட்டின நேரமும் மட்டும். மேலதிக நேரத்தில் வென்றிருந்தால் அந்தத் துண்டுக்குச் சமநிலைதான் முடிவு. "கோப்பையைத் தூக்கும்" என்று கட்டினவருக்கு மட்டும் காசு.

19 மே 2025

கோல்ஃப் துண்டோடு ஒருவர்: 45 வரும் என்று பார்த்தேன், ஏன் வரவில்லை? 5 ஈச் வே, 40/1, ஐந்து இடம், 1/5. அவருடைய ஆள் நாலு பேரோடு ஐந்தாம் இடத்தில் சமமாக முடித்தார் என்கிறார். அவரையும் சேர்த்து நாலா, அவரோடு இன்னும் நாலு பேரா என்று முதலில் எழுதுங்கள்.

19 மே 2025, இரவு

அவரையும் சேர்த்து நாலு. சரி, நாலு பேர், மிச்சம் இருப்பது ஒரு இடம். இடத்துக்குக் கட்டின 5ஐ நாலாகப் பிரியுங்கள், 1.25. விலையைப் பிரிப்பதில்லை, கட்டின காசைத்தான். 40இல் ஐந்தில் ஒன்று 8. 1.25 × 8 = 10, அந்த 1.25ம் சேர்ந்து 11.25. வெற்றிக்குக் கட்டின 5 போச்சு. மொத்தம் கட்டினது 10, கைக்கு 11.25. துண்டில் நீங்கள் பார்த்த 45, ஆள் தனியாக ஐந்தாவது வந்திருந்தால் கிடைத்திருக்கும்.